கழுத்து நாடி அடைப்பு: தானாகத் தெளிந்த கண்ணை நம்பலாமா?

(திரையில்: அடுப்படி. ஒரு பழைய கேத்தில் திறக்கப்படுகிறது.)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக் கேத்திலைத் திறந்தாலும் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலை ஞாபகத்தில் வைத்திருங்கள். கிணற்றுத் தண்ணீரால் நாடி அடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாடியில் படிவது கொழுப்பு. வயதோடு சுருட்டு, சிகரெட், பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் அதற்குக் கூட்டாளிகள்.

(திரையில்: கழுத்தின் படம்.)

குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு விரலை மெதுவாக வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் அமத்த வேண்டாம். துடிக்கிறதல்லவா, அதுதான் கழுத்து நாடி. தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகக் கவர் விடுகிறது: ஒன்று முகத்துக்கு, மற்றது மூளைக்கும் கண்ணுக்கும். கொழுப்பு படிவது பெரும்பாலும் அந்தக் கவரில்.

குழாய் ஒடுங்குவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பொல்லாதது, கேத்தில் செதில்போலப் படிவிலிருந்து உதிரும் துணுக்கு. அது மூளைக்குள் போய்ச் சிக்கினால் பாரிசவாதம்.

சில நேரம் துணுக்கு தானாகக் கரைந்துவிடும். ஒரு ஐயா காலையில் தேத்தண்ணியோடு பேப்பர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல் இருட்டு. ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. மகள் கேட்டால், "ஒண்டுமில்லை பிள்ளை, வெயிலுக்கை நிண்டது" என்பார். எனக்குப் பயமே இந்த "ஒண்டுமில்லை"யில்தான். இடது நாடியில் அடைப்பென்றால் இருட்டுவது இடது கண், ஆனால் மூளையின் இடப்பக்கம் உடம்பின் வலப்பக்கத்தை ஆள்வதால் மரத்துப்போவது வலது கை. பேச்சும் குழறலாம். தானாகச் சரியானாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அடுத்த பெரிய தாக்கம் சில நாட்களுக்குள்ளேயே வரலாம். குறையாமல் இருந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

(திரையில்: ஸ்கான் அறை.)

கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் ஜெல் பூசி டொப்ளர் ஸ்கான் எடுப்பார்கள், நோவே இராது.

சிகிச்சையில் எல்லாருக்கும் பொதுவானது குளிசை: இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் போன்றது, கொழுப்புக்கு ஸ்டாட்டின், பிரஷருக்கு ஒன்று. அறிகுறியே இல்லாத பலருக்கு இதுவே போதும். அறிகுறி வந்து, அடைப்பும் 70 வீதத்துக்கு மேல் என்றால் சத்திரசிகிச்சை, முடிந்தால் இரண்டு கிழமைக்குள். 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்டவர்களில் மருந்து மட்டும் எடுத்தோரில் 100க்கு 26 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. சத்திரசிகிச்சை செய்தோரில் 9 பேர். இன்றைய மருந்துகள் அப்போதையதைவிட நல்லவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாடியைத் திறந்து படிவை உரித்தெடுத்துத் தைப்பதுதான் வேலை. சில இடங்களில் கழுத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்வார்கள். நோயாளியின் மறுபக்கக் கையில் அமத்தினால் கீச்சிடும் பொம்மை ஒன்றைக் கொடுத்து, "அமத்துங்கோ ஐயா" என்பார்கள். கீச்சென்றால் மூளைக்கு இரத்தம் போகிறது. சத்தம் வராவிட்டால், உடனே சிறு குழாய் வைத்து இரத்தத்துக்கு மாற்றுவழி கொடுப்பார்கள். சத்திரசிகிச்சையின்போதே பாரிசவாதம் வரும் ஆபத்தும் கொஞ்சம் உண்டு. கையெழுத்து வைக்கமுன் கேட்டு வையுங்கள். கழுத்தைத் திறக்க முடியாதவர்களுக்கு, நாடியை உள்ளிருந்து விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பார்கள். முழுதாகவே அடைத்துவிட்ட நாடியைப் பொதுவாகத் தொடமாட்டார்கள், அதன் வழியே துணுக்குப் போக இனி ஓட்டமே இல்லை.