சூட்டப்படாத பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நடந்து முடிந்த வரலாற்றில் ஒரே ஒரு கண்ணியை மாற்றிவிட்டு, அதற்குப் பின் உலகம் எவ்வழியே சென்றிருக்கும் என்று எண்ணி எழுதப்படும் கதைகளை மாற்று வரலாற்றுப் புனைவு என்கிறோம். அமெரிக்காவைக் களமாகக் கொண்ட இவ்வகைக் கதைகள் பலவற்றில் ஒரு வரைபடம் இடம்பெறும். நமக்குப் பழகிய டெக்சஸும் ஓஹையோவும் இருக்க வேண்டிய இடத்தில் அதில் வேறு பெயர்கள் இருக்கும். அப்பெயர்களை எழுத்தாளர் எங்கிருந்து பெறலாம், எத்தகைய பெயர் வாசகரை நம்பவைக்கும் என்பதே இன்றைய பேச்சு.

இக்கதைகளை விரும்பிப் படிப்பவன் என்ற முறையில் எனக்கொரு குறை உண்டு. கற்பனையில் பிறந்த மாநிலப் பெயர்கள் அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருக்கின்றன. மலைநாட்டுக்கு மலையின் பெயர், வென்ற தளபதியின் நாட்டுக்குத் தளபதியின் பெயர் என்று எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. உண்மையான மாநிலங்கள் பெயர் பெற்ற கதையோ அவசரமும் முகத்துதியும் தவறான தகவலும் கலந்தது. ஆகவே பெயரைக் கற்பனை செய்வதற்கு முன், பெயர் சூட்டியவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அவர் யார், எந்த ஆண்டில், யாரை மகிழ்விப்பதற்காக, எந்த மொழியை எவ்வளவு அரைகுறையாக அறிந்துகொண்டு அந்தப் பெயரைச் சொன்னார் என்பது தெளிவானால் பெயர் தானாகவே வந்துவிடும்.

இதற்குச் சிறந்த பயிற்சிக்களம், முன்மொழியப்பட்டுக் கைவிடப்பட்ட உண்மையான பெயர்கள். 1784 மார்ச்சில் தாமஸ் ஜெஃபர்சன் தலைமையிலான குழு, மேற்கே புதிய குடியரசின் வசம் வந்திருந்த நிலத்தை எவ்வாறு மாநிலங்களாகப் பிரிக்கலாம் என்று ஓர் அறிக்கை அளித்தது. அதில் பத்துப் பெயர்கள் இருந்தன: சில்வேனியா, மிச்சிகேனியா, கெர்ரோனீசஸ், அசெனிசிப்பியா, மெட்ரோபொட்டேமியா, இல்லினோயா, சரட்டோகா, வாஷிங்டன், பாலிபொட்டேமியா, பெலிசிப்பியா. இவற்றை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; ஜெஃபர்சனின் நூலகமே கண்முன் வந்துவிடும். கிரேக்கத்தில் 'பொட்டமோஸ்' என்றால் ஆறு. பல ஆறுகள் பாய்வதால் பாலிபொட்டேமியா. கெர்ரோனீசஸ் என்பது தீபகற்பம். இன்றைய மிச்சிகன் மாநிலத்தின் தென்பாதிக்கு அது பொருந்தும். பூர்வகுடிகளின் ஆற்றுப் பெயர்களுக்கு லத்தீன் வால் ஒட்டியதால் அசெனிசிப்பியாவும் பெலிசிப்பியாவும் பிறந்தன. இத்திட்டம் நிலைத்திருந்தால் சிகாகோ நகரம் அசெனிசிப்பியாவில் இருந்திருக்கும். ஏப்ரலில் நாட்டின் சட்டமியற்றும் அவையான பேராயம் (காங்கிரஸ்) திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பெயர்களை மட்டும் நீக்கிவிட்டது.

இப்பெயர்களைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் பென்சில்வேனியா என்ற சொல்லைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லையே! அதுவும் காட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முன் ஒரு குடும்பப் பெயரை ஒட்டவைத்துச் செய்ததுதான். 1681இல் அந்நிலத்துக்கு உரிமைப் பட்டயம் பெற்ற வில்லியம் பென் முதலில் விரும்பியது 'நியூ வேல்ஸ்' என்ற பெயரை. அது மறுக்கப்பட்டபின் 'சில்வேனியா' என்றார். மன்னர் இரண்டாம் சார்லஸ், பென்னின் தந்தையான கடற்படைத் தளபதியை நினைவுகூர்ந்து அதன்முன் 'பென்' என்று சேர்த்துவிட்டார். தற்பெருமைக்காகத் தாமே வைத்துக்கொண்டதாக உலகம் எண்ணிவிடுமோ என்று அஞ்சிய பென், இருபது கினி கொடுத்தும் கீழ்ச்செயலர் பெயரை மாற்ற இசையவில்லை என்று தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். அந்தச் செயலர் சற்றே பணத்தாசை கொண்டவராக இருந்திருந்தால் இன்று வரைபடத்தில் சில்வேனியா மட்டுமே இருக்கும். என்னைக் கேட்டால், போர்க்களத்தில் தோட்டா திசைமாறுவதைவிடக் கதைக்கு இது நல்ல திருப்பம்.

பொருளே இல்லாத ஒரு சொல்கூட மாநிலத்தின் பெயராக முடியும் என்பதற்கு ஐடஹோ சான்று. 1860ஆம் ஆண்டையொட்டி, பைக்ஸ் பீக் என்ற மலையையொட்டிய பகுதியில் பொன் தேடிக் குடியேறியவர்கள் தனி ஆட்சிப்பகுதி, அதாவது மாநிலத் தகுதி பெறாத தனி நிர்வாகப் பகுதி, கேட்டபோது இப்பெயர் முன்வைக்கப்பட்டது. அது பூர்வகுடி மொழிச் சொல் என்றும், 'மலைகளின் மணி' என்று பொருள்படும் என்றும் சொல்லப்பட்டது. அது எந்தப் பூர்வகுடி மொழியையும் சேர்ந்ததன்று என்ற ஐயம் கிளம்பவே, 1861இல் செனட் கடைசி நேரத்தில் அதை அடித்துவிட்டுக் கொலராடோ என்று எழுதியது. செந்நிறத்தைக் குறிக்கும் அந்த ஸ்பானியச் சொல் ஓர் ஆற்றின் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆற்றின் மேற்பகுதி அக்காலத்தில் கிராண்ட் ஆறு என்றே அழைக்கப்பட்டது. கொலராடோ என்ற பெயருடைய ஆறு கொலராடோவுக்குள் ஓடத் தொடங்கியது 1921இல் சட்டம் இயற்றி அதன் பெயரை மாற்றிய பிறகுதான். இதற்கிடையில் ஐடஹோ என்ற சொல்லின் ஓசை மேற்கே மக்கள் நாவில் ஊறிவிட்டிருந்தது. 1863இல் வேறொரு புதிய ஆட்சிப்பகுதிக்குப் பிரதிநிதிகள் சபை 'மொன்டானா' என்று பெயரிட்டு அனுப்ப, செனட் அதை ஐடஹோ என்று மாற்றியது. வேண்டாமென்று அதே அவை ஒருமுறை தள்ளிய பெயர் அது. வேலையிழந்த மொன்டானாவுக்கு அடுத்த ஆண்டே வேறு நிலம் கிடைத்தது. ஆக, ஒரு பெயரை வரைபடத்திலிருந்து நீக்கும் எழுத்தாளர் அது எங்கே போய் ஒதுங்கியது என்றும் பார்க்க வேண்டும். பெயர்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். வடமேற்குக் குடியேறிகள் கொலம்பியா என்று கேட்டார்கள். தலைநகர் வாஷிங்டன் அமைந்த கொலம்பியா மாவட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று 1853இல் பேராயம் வாஷிங்டன் என்று வைத்தது. அதனால் குழப்பம் குறைந்ததா என்பதை நேயர்களே அறிவார்கள். உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவிலிருந்து பிரிந்த மேற்குப்பகுதி கனாவா என்ற ஆற்றுப் பெயரை ஏற்க இருந்து, பின்னர் பழைய பெயரை விட மனமின்றி மேற்கு வர்ஜீனியா ஆயிற்று. மோர்மன் சமயப் பிரிவினர் 1849இல் தங்கள் மறைநூலில் தேனீயைக் குறிக்கும் 'டெசரெட்' என்ற சொல்லைத் தேர்ந்தார்கள். பேராயமோ மறு ஆண்டு, யூட் இனத்தாரின் பெயரால் யூட்டா என்று அமைத்தது. வயோமிங் என்பது பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். அதைக் கேட்டே அறியாத மக்கள் வாழ்ந்த மேற்குச் சமவெளிக்கு அது கொண்டுசெல்லப்பட்டதற்கு, அந்தப் பள்ளத்தாக்கைப் பாடிய 1809ஆம் ஆண்டு ஆங்கிலக் கவிதையொன்றின் புகழும் ஒரு காரணம்.

இனி, புனைவில் அடிக்கடி காணும் பிழை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். விடுதலைப் போரில் பிரிட்டன் வென்றுவிட்டதாகக் கொள்ளும் கதைகளில், மாநிலங்களின் எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்களுக்குமட்டும் அரச வண்ணம் பூசுகிறார்கள். ஆனால் 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கேயுள்ள நிலத்தைக் கியூபெக்குடன் சேர்த்துவிட்டிருந்தது. எனவே அக்கதையில் ஓஹையோ மாநிலத்துக்கு மாற்றுப் பெயர் தேட வேண்டியதே இல்லை. அப்படியொரு மாநிலமே எழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆற்றுக்குத் தெற்கே, இன்றைய மேற்கு வர்ஜீனியாவும் கென்டக்கியின் கிழக்குப் பகுதியும் உள்ள இடத்தில், வண்டாலியா என்ற குடியேற்றம் அமைக்கப் போருக்கு முன்பே முயற்சி நடந்தது. பிரிட்டன் அரசி சார்லட் வண்டால் குலத்தின் வழிவந்தவர் என்ற நம்பிக்கையில், அவரை மகிழ்விக்கச் சூட்டிய பெயர் அது. ரோமாபுரியைச் சூறையாடிய ஒரு கூட்டத்தின் பெயரைப் புகழ்ச்சியாகக் கருதி ஒரு நாட்டுக்கே வைக்கத் துணிந்தார்கள் என்பதை எந்தக் கதாசிரியரும் தாமாகக் கற்பனை செய்திருக்கமாட்டார்.

மொழி மாறினால் பெயரின் உடல் மாறுகிறது. டெக்சஸ் நிலத்துக்கு ஸ்பானியர் ஒரு காலத்தில் 'புதிய பிலிப்பைன்ஸ்' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். 'நண்பர்கள்' என்று பொருள்படும் கேடோ மொழிச் சொல்லிலிருந்து வந்த டெக்சஸே நின்று நிலைத்தது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் விஸ்கான்சின் என்பதைப் பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிக் காட்டியே, பிரான்சு இழக்காத ஒரு கண்டத்தை வாசகரின் கண்முன் நிறுத்திவிடலாம். தமிழில் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. நம் எழுத்தில் ஏறியதும் எழுத்துக்கூட்டலின் வேறுபாடு மறைந்து ஓசை மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே தமிழில் இவ்வகைக் கதை எழுத முனைபவர்கள் காதுக்கு வேறாக ஒலிக்கும் பெயர்களையே தேர வேண்டியிருக்கும்.

இவ்வளவு பெயர்களுள் என் மனத்தை விட்டு அகலாதது செக்கோயா. செரோக்கி, சோக்டா, சிக்கசா, மஸ்கோகி, செமினோல் ஆகிய ஐந்து பூர்வகுடி இனத்தார், தங்கள் நிலமாகிய இந்தியன் ஆட்சிப்பகுதியைத் தனி மாநிலமாக்கக் கோரி 1905இல் மஸ்கோகி நகரில் மாநாடு கூட்டி, அரசமைப்பு ஒன்றை எழுதி, வாக்கெடுப்பில் பெருவாரியான ஒப்புதலும் பெற்றார்கள். மாநிலத்துக்குச் செக்கோயா என்று பெயரிட்டார்கள். 1821இல் செரோக்கி மொழிக்கு அசையெழுத்து முறையை உருவாக்கித் தந்த செரோக்கியரின் பெயர் அது. மன்னர்களின் பெயரும் தளபதிகளின் பெயரும் நிறைந்த வரைபடத்தில், எழுத்தை ஆக்கியவரின் பெயரால் ஒரு மாநிலம் அமைந்திருக்கும். பேராயம் கோரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. அந்நிலம் மேற்கிலிருந்த ஒக்லஹோமா ஆட்சிப்பகுதியுடன் இணைக்கப்பட்டு, 1907 நவம்பர் 16 அன்று ஒக்லஹோமா என்ற 46ஆவது மாநிலமாயிற்று.

இக்கோரிக்கை வென்றதாக ஒரு கதை எழுதுவோம். கிழக்கே செக்கோயா, மேற்கே, 1890 முதலே அப்பெயரைத் தாங்கியிருந்த ஒக்லஹோமா. ஆனால் ஒக்லஹோமா என்பதோ சோக்டா மொழிச் சொல். 'செந்நிற மக்கள்' என்று பொருள். 1866இல் சோக்டா தலைவர் ஆலன் ரைட், ஐந்து இனத்தாரின் நிலத்தைக் குறிப்பதற்காகவே அதைச் சொன்னார். அக்கதையிலோ சோக்டா மக்கள் ஒரு செரோக்கியரின் பெயரைத் தாங்கிய மாநிலத்தில் வாழ்வார்கள். அவர்கள் தந்த சொல், எல்லைக்கு அப்பால், வெள்ளைக் குடியேறிகள் பெரும்பான்மையாக உள்ள மாநிலத்தின் பெயராக இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டு அவர்கள் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரும் நாளிலிருந்து அந்தக் கதையைத் தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.