பால்குடம் எடுத்த பாட்டிக்கும் ஒரு நாற்காலி

நடுவர் அவர்களே, பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

எதிர்காலச் சைவ உணவு உலகைக் கேலி செய்யும் படத்தில் பல இன மக்களுக்கும் பங்கு வேண்டுமா? வேண்டும் என்பது எங்கள் அணி.

2017இல் பிபிசிக்காக சைமன் ஆம்ஸ்டெல் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் 'கார்னேஜ்' என்றொரு படம் எடுத்தார். கதை நடப்பது 2067இல், பிரிட்டனில். கறி மட்டுமா, பால், முட்டையைக்கூட யாரும் தொடாத காலம். முன்பு கறி தின்ற பெரியவர்கள் குற்ற உணர்ச்சி தாங்காமல் மனநல ஆலோசகர் முன் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் தின்ற சீஸ் வகைகளின் பெயர்களைச் சொல்லிக் கலங்குகிறார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எதிரணித் தம்பி கேட்டார்: "சிரிப்புப் படத்தில் போய்த் தலை எண்ணிக்கொண்டிருந்தால் சிரிப்பு வருமா?" சரி தம்பி, தலை எண்ண நானும் வரவில்லை. வெள்ளையரல்லாத நடிகர்கள் அந்தப் படத்திலும் உண்டு. ஆனால் முகத்துக்காக மட்டும் ஒருவரை நிறுத்தினால், அவர் கல்யாண வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரிதான். அழகுக்கு நிற்கலாம், பந்தியில் இடம் கிடையாது.

நான் கேட்பது அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி. நம் ஜார்ஜ்டவுன் பாட்டி ஒருவரை உட்கார வையுங்கள். புரட்டாசி முழுக்கக் கறி தொடாதவர், வெள்ளிக்கிழமையும் சைவம். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று நிமிர்ந்து உட்காருவார். ஆலோசகர் மெதுவாகக் கேட்பார்: "தைப்பூசத்துக்குத் தலையில் என்ன தூக்கினீர்கள், அம்மா?" போச்சு! தண்ணீர்மலைப் படியேறி முருகனுக்கு ஊற்றிய பாலெல்லாம் குற்றப்பத்திரிகையில் ஏறிவிடும். ரதத்துக்கு முன்னால் உடைத்த தேங்காய் மட்டும் தப்பிக்கும். பக்கத்து நாற்காலியில் சீனத்து அங்கிள். ஒன்பது பேரரசர் திருவிழாவில் வெள்ளையுடுத்தி ஒன்பது நாளும் சைவம் காத்தவர். பத்தாம் நாள் காலையில் எந்தக் கடையில் இருந்தீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார். இது சிரிப்பைக் கெடுக்கிறதா, கூட்டுகிறதா? நம்மைக் கேலி செய்யாமல் விடுவதை மரியாதை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

"அது பிரிட்டன் கதை, நம் பாட்டிக்கு அங்கே என்ன வேலை?" என்றார் எதிரணி அக்கா. அக்கா, டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் அங்கே வீகன் சங்கம், அதாவது பால், முட்டையைக்கூடத் தொடாதவர்களின் சங்கம், தொடங்கியது 1944இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, லண்டனில் சட்டம் படிக்கப் போன ஓர் இளைஞர் அங்குள்ள சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பெயர் மோகன்தாஸ் காந்தி. 1912இல், தென்னாப்பிரிக்காவில், பாலையே விட்டார். பிறகு இந்தியாவில் நோயில் விழுந்தபோது மருத்துவர் பால் குடிக்கச் சொன்னார், இவர் சபதம் என்றார். கஸ்தூர்பா விடுவாரா? ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். சபதம் எடுத்தபோது மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தானே என்று காந்தியும் குடித்துவிட்டார். அப்புறம் அதையே நினைத்து வருந்தித் தன் வரலாற்றிலும் எழுதிவைத்தார்.

ஆலோசகர் வட்டத்தில் முதல் நாற்காலி யாருக்கு, நடுவர் அவர்களே? ஆட்டுப்பால் காட்சியை விட நல்ல நகைச்சுவை ஒன்றை, நம்மையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, எதிரணி எழுதிக் காட்டட்டும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.