கடை லாபமும் கட்டட வாடகையும்: ஒரே ஆளுக்கு இரண்டு வரிக் கணக்கு

[திரையில்: மேசை மீது விரித்த கணக்குப் புத்தகம். ஒரே பக்கத்தில் சிமென்ட் விற்பனை, மாடி வாடகை, வீட்டு வரி ஆகியவை அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன.]

வணக்கம். மார்த்தாண்டத்தில் கட்டுமானப் பொருட்கள் விற்கும் ஒருவருடைய கணக்குப் புத்தகம் இது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் அவருக்குச் சொந்தமானது. கீழே மூன்று கடைமுறிகள், அதாவது கடை அறைகள். ஒன்றில் அவருடைய கடை நடக்கிறது, மற்ற இரண்டும் வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன. மாடி வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பத்துடன் இருக்கிறார். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை சாலையோரத்தில் இப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்க்காமல் போக முடியாது. விற்பனைப் பணமும் வாடகையும் ஒரே வங்கிக் கணக்கில் சேர்வதால், இரண்டும் ஒரே வருமானம்தான் என்று உரிமையாளர் நினைத்துவிடுகிறார். வருமான வரிச் சட்டம் அப்படி நினைப்பதில்லை.

இங்கே நாம் பார்ப்பது 2025-26 நிதியாண்டின் கணக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய நாள் வரை ஈட்டிய வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டமே பொருந்தும் என்பதால், ஆடிட்டர்கள் வாயில் பழகிய பழைய பிரிவு எண்களையே பயன்படுத்துகிறேன்.

[திரையில்: கடையின் முகப்பு. கல்லாவுக்கு அருகில் கியூஆர் அட்டை.]

முதலில் கடை. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு வணிகர், பிரிவு 44ஏடி-யின்படி லாபத்தை உத்தேசமாகக் காட்டலாம். ரொக்கமாக வந்த விற்பனையில் 8 சதவீதமும், ஜிபே, கார்டு, காசோலை போன்ற வங்கி வழிகளில் வந்ததில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். நம்முடைய கடைக்காரருக்கு ஆண்டு விற்பனை 1.5 கோடி, அதில் 1 கோடி வங்கி வழியாகவும் 50 லட்சம் ரொக்கமாகவும் வந்தது. ஆகவே லாபம் 6 லட்சமும் 4 லட்சமும் சேர்ந்து 10 லட்சம். வேலையாட்களின் சம்பளம், மின்கட்டணம், வண்டிக்கூலி எல்லாம் இதற்குள் கழிந்துவிட்டதாகவே பொருள்; மறுபடியும் தனியாகக் கழிக்க இடமில்லை. கமிஷன் அல்லது ஏஜென்சி வருமானம் உள்ளவர்களுக்கு இந்த வழி கிடையாது. ஒரு முறை இந்த முறைக்குள் வந்துவிட்டு இடையில் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மாடிப்படி. வாடகை ரசீதுப் புத்தகம்.]

பலரும் சறுக்கும் இடம் வாடகைதான். இரண்டு கடைமுறிகளுக்கு மாதம் 12,000 ரூபாய் வீதம், மாடி வீட்டுக்கு 11,000 ரூபாய் என்று மாதம் 35,000 ரூபாய், ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் வருகிறது. இதைக் கடை விற்பனையோடு சேர்த்து 6 சதவீதம் போட்டால் 25,200 ரூபாய்தான் வருமானமாகத் தெரியும். அப்படிக் காட்டுவது வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதாகவே முடியும். வாடகை, 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தனித் தலைப்பில் வர வேண்டியது. கடைமுறியானாலும் அதே தலைப்புதான்.

அந்தத் தலைப்பின் கணக்கு எளிமையானது. வந்த வாடகையிலிருந்து, அந்தப் பகுதிக்காக உரிமையாளர் கட்டிய வீட்டு வரியை முதலில் கழிக்க வேண்டும். அது 20,000 ரூபாய் என்றால் மீதி 4,00,000. அதில் 30 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய், பராமரிப்புக்காக எந்த ரசீதும் கேட்காமல் கழிக்கப்படும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் நம் மாவட்டத்தில் ஒழுகாத மொட்டைமாடி அபூர்வம் என்றாலும், நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத ஆண்டிலும் 30 சதவீதம்தான், தளம் முழுவதையும் உடைத்துப் போட்ட ஆண்டிலும் 30 சதவீதம்தான். பெயின்ட் பில்லையும் பிளம்பர் கூலியையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் வாதாடுவதில் பயனில்லை. தன் கடை நடக்கும் முறிக்கு வாடகை எதையும் கற்பித்துக் காட்ட வேண்டியதில்லை என்பது ஓர் ஆறுதல்.

மீதியுள்ள 2,80,000 ரூபாயிலிருந்து, கட்டடத்துக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்கலாம். வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு வரிமுறைகள் உள்ளன; முன்பு சொன்ன புதிய சட்டம் வேறு. புதிய வரிமுறையில், உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குச் சலுகை இல்லை. வாடகைக்கு விட்ட பகுதிக்கு உண்டு. வீட்டுக் கடன் என்ற பெயரில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. நகையை அடகு வைத்து மாடி கட்டியிருந்தால், அந்தப் பணம் கட்டுமானத்துக்கே போனது என்பதை வங்கிப் பதிவும் பில்களும் காட்டுமானால், அந்த வட்டியையும் கழிக்கலாம். இந்தக் கோணத்தில் நகைக் கடன் ரசீதைப் பத்திரப்படுத்துவோர் குறைவு.

[திரையில்: கணக்கு வரி வரியாகத் தோன்றுகிறது.]

நம் கடைக்காரருக்கு வாடகைப் பகுதிக்கான வட்டி ஆண்டுக்கு 90,000 ரூபாய் என்று கொள்வோம். வாடகை வருமானம் 1,90,000, கடை லாபம் 10,00,000, மொத்தம் 11,90,000. புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டியது எதுவுமில்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வட்டியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டால் மொத்தம் 12,80,000 ஆகி, தள்ளுபடி இல்லாமல் போய், வரியின் மேல் போடப்படும் 4 சதவீத செஸ் உட்பட 74,880 ரூபாய் கட்ட நேரிடும். வட்டிச் சான்று என்ற ஒரு காகிதத்தின் விலை அது.

வீட்டு வரி ரசீதின் விலை சிறியது, ஆனால் அதிகம் பேர் கொடுப்பது அதைத்தான். வீட்டு வரியை அந்த நிதியாண்டுக்குள் உண்மையிலேயே கட்டியிருந்தால் மட்டுமே கழிக்க முடியும். இரண்டு அரையாண்டு வரியையும் சேர்த்து ஏப்ரலில் கட்டிக்கொள்ளலாம் என்று நம் கடைக்காரர் விட்டுவிட்டால், அவருடைய வாடகை வருமானம் 2,04,000 ரூபாயாக உயர்ந்து மொத்தம் 12,04,000 ஆகிவிடும். எல்லையைச் சற்றே தாண்டுவோரின் வரி, தாண்டிய தொகையை மிஞ்சாது என்ற நிவாரணத்தைக் கணக்கில் கொண்டாலும் செஸ்ஸுடன் 4,160 ரூபாய் கட்ட வேண்டும். வாடகைக்காரரே வீட்டு வரியைக் கட்டினால் அதை நீங்கள் கழிக்க முடியாது என்பதும் இதோடு சேர்ந்தது.

[திரையில்: பத்திரத்தின் முதல் பக்கம்.]

அடுத்து, கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி. மனைவிக்குத் தாய்வீட்டில் கொடுத்த வீட்டின் வாடகை கணவருடைய கணக்கில் விழுந்தாலும், அது மனைவியின் வருமானமே. மாறாக, கணவர் தன் வீட்டைத் தக்க விலை பெறாமல் மனைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தால், வரிக் கணக்குக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அண்ணன் தம்பிகளின் பங்கு பத்திரத்தில் தெளிவாக இருந்தால், ஒவ்வொருவரும் தத்தம் பங்கு வாடகையைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மூத்தவர் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது குடும்ப ஏற்பாடு மட்டுமே.

நம் பக்கத்தில் வீட்டை ஒற்றிக்குக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் குடியிருக்கவிட்டு, கெடு முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். திருப்பித் தர வேண்டிய அந்தத் தொகை வருமானமல்ல என்பது சரி. வாடகையே வரவில்லை, ஆகவே காட்ட ஒன்றுமில்லை என்பது சரியல்ல. அந்த வீடு அந்த ஊரில் நியாயமாக என்ன வாடகைக்குப் போகுமோ அதையே சட்டம் அளவாகக் கொள்கிறது. சாதாரண அட்வான்ஸுக்கும் ஒரு விளக்கம் தேவை: கையில் இருக்கும் வரை அது வருமானமல்ல, வாடகை பாக்கிக்காக அதில் பிடித்துக்கொண்டால் பிடித்த தொகை வாடகை வருமானமாகிவிடும்.

இதெல்லாம் அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு மாடி வீட்டு ஆசிரியரை நினைவூட்டுகிறேன். அவர் ஆண்டுக்குக் கொடுப்பது 1,32,000 ரூபாய். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப்படிச் சலுகை கேட்கும் ஊழியர், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அந்த எண் வருமான வரித் துறைக்குப் போகிறது. ஆகவே தாக்கல் செய்வதற்கு முன் வரித்துறை இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அதில் உள்ளவற்றை உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், கடைமுறி வாடகை சிறிய தொகையானாலும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி வசூலித்துக் கட்ட வேண்டியிருக்கும். குடியிருக்கக் கொடுத்த மாடி வீட்டுக்கு அது இல்லை.

[திரையில்: நாட்காட்டியில் மார்ச் மாதம்.]

கடைசியாகத் தேதி. ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொட்டால் அதை முன்கூட்டியே கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு நான்கு தவணைகள். 44ஏடி-யில் லாபம் காட்டுவோருக்கு மார்ச் 15 ஒன்றே தவணை. எனவே பிப்ரவரி முடியும்போதே கடைக் கணக்கை ஒரு புத்தகத்திலும் வாடகைக் கணக்கை இன்னொரு புத்தகத்திலுமாகக் கூட்டிப் பாருங்கள். வட்டிச் சான்றை வங்கியில் கேட்டு வாங்குங்கள், பாக்கி வீட்டு வரியை மார்ச் 31-க்குள் கட்டி ரசீதை வாடகைப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகி வையுங்கள்.