பாடியவர்கள் சொன்னது

சேலத்திலும் சேர்வராயன் மலைப்பக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு மேடையேற்றினால், கேட்டவர்கள் வந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். "நன்றாக இருந்தது, அந்தச் சரணம் அருமை" என்பார்கள். மனசு நிறையத்தான் செய்யும். ஆனால் கேட்டவருக்கு அந்தப் பாட்டு ஐந்து நிமிஷம். பாடியவருக்கு அது மாதக்கணக்கு. ஒத்திகையில் பாடி, பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு, அதோடேயே குடித்தனம் நடத்தியிருப்பார். அந்தப் பாட்டு அவரை என்ன செய்தது? மெட்டுப் போட்டவருக்கு இது பெரும்பாலும் தெரியவே வராது. எனக்குத் தெரிய வந்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் குழு. பாதிப்பேர் கொலுசு வேலை செய்கிறவர்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை ஒட்டிப் பாட ஒரு மழைப்பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். சுத்த தன்யாசி என்கிற ராகத்தில் போட்டுக் கொடுத்தேன். ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். சங்கீதம் படிக்காதவர்களுக்கும் சட்டென்று பிடிபடும். சரணம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வேலை செய்திருந்தேன். நிஷாதத்தில், அதுதான் அந்த 'நி', ஓர் ஆவர்த்தனம் முழுக்க, அதாவது ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும், அப்படியே நிற்க வேண்டும். அடுத்த படியிலேயே மேல் ஷட்ஜம், அதாவது மேல் 'ஸ', இருக்கிறது. காது அதற்குத் தவிக்கும். தவிக்கட்டும் என்றுதான் நிறுத்தினேன். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

பாடி முடித்த சில வாரம் கழித்து, அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடுகிற ஓர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து கொலுசு வளையங்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கடுகளவு வெள்ளித் துணுக்கை இடுக்கியால் எடுத்து, இரண்டு வளையம் சேரும் இடத்தில் வைத்து, நெருப்பைக் காட்டுகிறார். அந்த நேரத்தில் அவர் மூச்சே விடவில்லை. விட்டால் துணுக்கு நகர்ந்துவிடும். ஒரு கொலுசுக்கு எத்தனை இணைப்பு என்று பார்த்தால் நமக்கே நெஞ்சு அடைக்கிறது.

வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நாள் முழுக்க மூச்சை அடக்கி அடக்கித்தான் எனக்குப் பொழப்பு. நெருப்புக்கு முன்னால உட்கார்ந்து ஒரு பெருமூச்சுகூட விட முடியாது. உங்க பாட்டுல அந்த இழுப்பு வருது பாருங்க, அங்கதான் எல்லாத்தையும் வெளிய விடுறேன். அது முடியும்போது இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதான்னு இருக்கும்."

என்னால் பதில் பேச முடியவில்லை. கேட்கிறவர் காது தவிக்க வேண்டும் என்று நான் வைத்த இடம், பாடுகிறவருக்கு இளைப்பாறும் இடமாக இருந்திருக்கிறது. அடுத்த ஒத்திகையில் கண்ணை மூடாமல் கவனித்தேன். அந்த நிஷாதம் வந்ததும் ஒவ்வொருவர் தோளாகக் கீழே இறங்கியது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, அங்கே ஓர் ஆவர்த்தனத்தை இரண்டாக்கினேன். இப்போது அந்தப் பாட்டு அப்படித்தான் பாடப்படுகிறது. என்னைக் கேட்டால், அந்த இரண்டாவது ஆவர்த்தனத்தைப் போட்டவர் அந்த அம்மாதான்.

அதே மெட்டை ஒரு நாகஸ்வரக்காரரும் எடுத்து வாசித்தார். முகூர்த்தம் முடிந்து கூட்டமெல்லாம் பந்திக்குப் போன பிறகு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் இதை வாசிப்பாராம். "அதுவரைக்கும் கல்யாண வீட்டுக்காக வாசிக்கிறது, இது எனக்காக" என்றார். வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எந்தக் கைத்தட்டலும் எனக்கு அதற்கு ஈடில்லை.

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வருவதும் ஒரு வானொலி நிலையத்துக் கலைஞர்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த ரஷ்யாவின் லெனின்கிராட் நகரத்தில், ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை அந்த ஊர் வானொலி இசைக்குழு வாசித்தது. நடத்தியவர் கார்ல் எலியாஸ்பெர்க். பசியில் வாடிய கலைஞர்களுக்கு ஊதுகிற வாத்தியத்தை ஊத மூச்சு இல்லை. ஆரம்ப ஒத்திகைகளைச் சீக்கிரமே நிறுத்த வேண்டியிருந்தது. ஒத்திகை நடந்த காலத்திலேயே மூன்று பேர் இறந்தார்கள். ஷோஸ்டகோவிச் அப்போது அந்த ஊரில் இல்லை. 1964-இல், அன்று வாசித்தவர்களில் 22 பேர் திரும்பக் கூடி அதே இசையை வாசித்தபோது அவரும் வந்து கேட்டார். அன்று அவர்களிடம் அவர் என்ன பேசியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எழுதியவர் அவர், ஆனால் அந்த இசைக்குள் பட்டினியோடு நின்றவர்கள் அவர்கள் அல்லவா?

இப்போது ஏற்காட்டில் காபித் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்லவி மட்டும்தான் தயார். அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, எந்த இடத்தைத் திரும்பப் பாடத் தோன்றுகிறது என்று அவர்களையே கேட்கப் போகிறேன். சரணத்தை அப்புறம்தான் எழுதுவேன்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளியிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ, உள்ளூர்க்காரர் ஒருவர் போட்ட மெட்டை நீங்கள் பாடியிருக்கலாம். அது உங்களோடு இன்னும் இருக்கிறது என்றால், அவரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். எந்த வரி, எந்த இழுப்பு என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.