துகளோடு சேர்ந்து வரும் நஞ்சு

நண்பர்களே, வணக்கம். நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக மிக நுண்ணிய துகள் பற்றிப் பேச வந்தால் முதலில் வருகிற கேள்வி, "அது விஷமா, இல்லையா?" என்பதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நான் நம்பமாட்டேன். துகளை மட்டும் தனியே பார்த்தால் பாதிதான் தெரியும். அதனோடு எது ஒட்டிக்கொண்டு வந்தது, அதைச் செய்யும்போது உலையிலிருந்து எது வெளியே போனது என்பது மீதிப் பாதி.

கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாயை எடுத்துக்கொள்வோம். 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமாவின் கட்டுரை வந்த பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. பரவலாக உள்ள ஒரு செய்முறை இது: எத்திலீன் போன்ற வாயுவைக் கடும் சூட்டில், இரும்பு, நிக்கல் அல்லது கோபால்ட் துணுக்குகளின் மேல் செலுத்துவார்கள். உலோகம் வினையூக்கி, அதாவது வினையைத் தூண்டிவிடும் பொருள்; அதன் மேல் குழாய் வளரும். ஆனால் உள்ளே போகும் வாயு முழுவதும் குழாயாகிவிடுவதில்லை. ஒரு பகுதி சூட்டில் உருமாறி பென்சீனாக, பியூட்டாடையீனாக, பல வளைய ஹைட்ரோகார்பன்களாக வெளியேறும். சிகரெட் புகையிலும் வண்டிப் புகையிலும் இருக்கும் அதே சரக்குதான். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

சரி, அந்த வினையூக்கி உலோகம் எங்கே போகும்? எங்கேயும் போகாது, குழாயோடுதான் இருக்கும். அமிலத்தில் கழுவினாலும் முழுக்க நீங்காது, சில துணுக்குகளைக் கார்பன் ஓடு மூடிக்கொண்டிருக்கும். கழுவிய அமிலமோ தனிக் கழிவு.

இன்னொரு கதை, எனக்கு மிகவும் பிடித்தது. 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த ஃபுல்லரீனை நீரில் கலந்து மீன்களை விட்டார்கள். மூளையில் பாதிப்பு தெரிந்தது என்று 2004-ல் பரபரப்பு. ஃபுல்லரீன் நீரில் கரையாது. அதைக் கலக்க டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அப்படித் தயாரித்த கலவையைப் பின்னர் ஸீப்ரா மீன் குஞ்சுகளில் சோதித்தபோது, கெடுதல் செய்தது ஃபுல்லரீன் அல்ல, சிதைந்த கரைப்பான் என்று தெரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

இதனால் துகள் குற்றமற்றது என்று ஆகிவிடாது. நீளமான நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறையில் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) போலவே அழற்சியை உண்டாக்கியதை 2008-ல் காட்டினார்கள். குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நானோ துகள்களில் காட்மியம் செலினைடால் ஆனவற்றின் மேலுறை பழுதானால் காட்மியமே கசியும். வெள்ளித் துகளும் கரைந்து அயனியை (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுவை) வெளிவிடும்; ஆனால் சாக்கடையில் கந்தகத்தோடு சேர்ந்து அதன் வீரியம் பெரிதும் குறைந்துவிடுகிறது, அது ஓர் ஆறுதல்.

அப்புறம் பரப்பளவு. ஒரு செ.மீ. கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6 சதுர செ.மீ.; அதையே ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்கினால் 6,000 சதுர மீட்டர். இவ்வளவு பரப்பில் சுற்றுச்சூழலில் ஏற்கெனவே உள்ள நஞ்சும் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷ், 2013-ல் நானோகுழாய்க்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. அது தொழிலாளி சுவாசிக்கும் துகளுக்கு; உலையின் புகைக்கு அல்ல. புகையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. எத்திலீனை உலோகத்தின் மேல் செலுத்துமுன் தனியே சூடாக்கும் வழக்கத்தை விட்டு, அசிட்டிலீன் வகை வாயுவைச் சிறிதளவு சேர்த்தாலே குழாய் வளர்கிறது, நச்சு வாயுக்களும் வெகுவாகக் குறைகின்றன என்று ஆய்வகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். வெளியேறும் வாயுவில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்ததால்தான் இந்த மாற்றம் யாருக்காவது தோன்றியது.