கச்சேரி கேட்பதும் பாடம்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

இசைக் கல்லூரியில் கற்பிக்கும் எனக்கு மாணவர்களிடமிருந்து ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "நாங்கள் பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொள்ளத்தானே சேர்ந்தோம்? இத்தனை கச்சேரி கேட்டால்தான் தேர்ச்சி என்று எதற்காக விதி?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் இல்லை. சாதகத்தில், அதாவது அன்றாடப் பயிற்சியில், கெட்டிக்காரர்கள். மாலை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு அறையைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாமே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம் என்பதால்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

இந்த விதி புதியதில்லை. அமெரிக்க இசைக் கல்லூரிகள் பலவற்றில் கச்சேரி கேட்பது தனிப் பாடமாகவே பதிவாகிறது. மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டும்தான். ஒரு பருவத்துக்கு இத்தனை நிகழ்ச்சி என்று கணக்கு வைத்து, போய்வந்ததற்கு அத்தாட்சியாக நிகழ்ச்சி நிரலைக் காட்டச் சொல்வார்கள். விதி வேண்டும் என்பதே என் கட்சி. அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில்தான் எனக்கு மாறுபாடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்பதற்காக ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம்? 1705-ஆம் ஆண்டு, ஆர்ன்ஷ்டாட் என்ற சிறிய ஜெர்மானிய ஊரில், தேவாலயத்தில் ஆர்கன் என்ற பெரிய குழல் இசைக்கருவியை வாசிக்கும் வேலையில் இருந்தார் இருபது வயது யோஹான் செபாஸ்டியன் பாக். நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு வடக்கே லூபெக் நகருக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நடந்தே போனார் என்கிறது அவர் மறைவுக்குப் பின் அச்சான இரங்கல் குறிப்பு. அங்கே இருந்தவர் புக்ஸ்டஹூட என்ற மூத்த ஆர்கன் மேதை. நான்கு வாரம் ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. 1706 பிப்ரவரியில் தேவாலய நிர்வாகிகள் பாக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தம் கலை பற்றிச் சில விஷயங்களைப் புரிந்துகொள்ளப் போனதாகப் பதில் சொன்னார். நிர்வாகிகளின் புகார் அதோடு முடியவில்லை. பக்திப் பாடல்களுக்கு வாசிக்கும்போது விசித்திரமான ஸ்வரங்களைக் கலக்கிறீர், சபையோர் குழம்பிப்போகிறார்கள் என்றும் கடிந்துகொண்டார்கள். அந்த விசாரணைக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கேட்டது கைவிரலுக்கு வந்து சேர்ந்துவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

வகுப்பறையில் கிடைக்காத எது அரங்கில் கிடைக்கிறது? நான் முதலில் சொல்வது, முடிவுகள். வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது முடிந்துபோன முடிவுகள். இந்த இடத்தில் இந்தப் பிடி (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடர்), இந்தக் கோர்வை (தாளக் கணக்கில் கட்டிய முத்தாய்ப்பு) இங்கே எடுப்புக்கு, அதாவது பாட்டின் வரி தொடங்கும் இடத்துக்கு, வந்து சேரும் என்று எல்லாம் தீர்ந்த கணக்கு. மேடையில் அந்தக் கணக்கு நம் கண்ணெதிரே போடப்படுகிறது. பாடகர் ஆலாபனையில், அதாவது தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடும்போது, ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடுகிறார். அடுத்து மேலே போவாரா, கீழே இறங்குவாரா என்று வயலின் வாசிப்பவருக்குத் தெரியாது. மயிரிழை பின்தங்கி, சுருதியைத் தொட்டுக்கொண்டு காத்திருக்கிறார். வகுப்பில் பாட்டு முன்கூட்டியே தெரிந்து வாசிக்கும் வயலின் மாணவருக்கு இந்தக் காத்திருப்பை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத்தர முடியாது. பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல் சூடுபிடிக்கும் நேரத்தில் மிருதங்க வித்வான் வாசிப்பதை அப்படியே நிறுத்திவிடுவார். கை எடுத்ததும் பாட்டின் வரி தனியாக எழும்பி நிற்கும். எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வழியில்லை.

மேற்கத்திய இசையிலும் இதே கதைதான். நால்வர் வாசிக்கும் தந்தி இசையில் முதல் வயலின்காரர் மூச்சை இழுக்கும் வேகமே அடுத்த அடியின் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, மற்ற மூவருக்கும் சொல்லிவிடுகிறது. பாடகிக்குப் பியானோ வாசிப்பவர், பாடகி எதிர்பாராத இடத்தில் மூச்செடுத்தால், கேட்பவர் உணராதபடி தம் கையைச் சற்றே தாமதிக்கிறார். ஒலிப்பதிவில் இதெல்லாம் வழுவழுப்பாகிவிடுகிறது. பல முறை வாசித்ததிலிருந்து நல்லதை எடுத்து ஒட்டிய பதிவில் தடுமாற்றமும் இல்லை, தடுமாற்றத்திலிருந்து எழுந்த சாமர்த்தியமும் இல்லை.

அடுத்தது அரங்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்ற குறையைத் தீர்க்க வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர் 1895-இல் ஆய்வைத் தொடங்கினார். நாற்காலி மெத்தைகளைக் கூடத்துக்குள் அடுக்கி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று இரவு நேரங்களில் அளந்தார். மெத்தை மட்டுமா, மனிதரும் அவர் உடுத்திய துணியும்கூட ஒலியை உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலின் ஒலியமைப்பு இந்த ஆய்வின் மேல் எழுந்தது. மாலை நான்கு மணி ஒத்திகையில் காலி அரங்கில் கணீரென்று ஒலித்த குரல், ஆட்கள் நிறைந்ததும் ஏன் வறண்டுபோகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒரே கச்சேரியை இடைவேளைக்கு முன் முதல் வரிசையிலும் பின் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து கேட்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்கத்துக் கனத்த ஒலி, பின்னால் எப்படி வருகிறது, பாடுபவரின் மெல்லின எழுத்துகள் எங்கே தொலைகின்றன என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் தம் பிற்காலத்தில் மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியை ஒரு முறையாவது கேட்ட மாணவருக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

பதிவுகளே போதும் என்பவர்களுக்குக் கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட் பெரிய துணை. 1964-இல் மேடையை விட்டு விலகி, இறுதிவரை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இயங்கினார். அவர் பதிவுகளை நான் மிகுந்த மரியாதையோடு கேட்கிறேன். அவர் விலகியது பல ஆண்டுகள் மேடையில் வாசித்த பிறகு என்பதையும் மாணவர்கள் மறக்க வேண்டாம். மேடை என்னவென்று அறிந்து அதை விடுவது வேறு. அறியாமலே விடுவது வேறு.

இனி, நடைமுறை பற்றிய என் மாறுபாடு. எண்ணிக்கை கூடக்கூடக் கேட்பது குறைகிறது. பருவத்தின் கடைசி வாரத்தில் கணக்கை முடிப்பதற்காக ஓடிவந்து, பின் வரிசையில் கைப்பேசியின் வெளிச்சத்தில் முகம் கவிழ்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள் என்று கல்லூரிகளுக்குச் சொல்வேன். ஒவ்வொன்றையும் ஆழமாகக் கேட்கட்டும். போகும் முன் ஒரு ராகத்தையோ ஒரு படைப்பையோ வகுப்பில் பேசிவிட வேண்டும். முடிந்ததும் ஒரே பக்கம் எழுதினால் போதும். "அருமை", "தெய்வீகம்" என்ற சொற்கள் இல்லாமல் எழுத வேண்டும் என்பது நான் விதிக்கும் ஒரே கட்டுப்பாடு. இரண்டாவது உருப்படியில் தாளம் எங்கே ஓடியது, அதை இழுத்துப் பிடித்தவர் யார், ராகத்தின் சாயல் முதலில் தெரிந்தது எந்தப் பிடியில் என்று எழுதட்டும். உருப்படிகளின் வரிசையையும் கவனிக்கட்டும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி முறையில் வர்ணம் என்ற உருப்படி ஏன் முதலில் வருகிறது, கனமான ராகத்துக்குப் பின் ஏன் விறுவிறுப்பான சிறு உருப்படி வருகிறது என்பதைக் கேட்டே உணர முடியும். நாளை இவர்களும் நிரல் தயாரிக்க வேண்டியவர்கள்தானே.

பெரிய பெயர்களை மட்டும் தேடிப் போகும் பழக்கமும் மாற வேண்டும். உடன் படிக்கும் தோழியின் முதல் மேடைக்குப் போய் உட்காருங்கள். உங்களுக்கு இருக்கும் அதே சிக்கல் அவருக்கும் இருக்கும், அவர் அதற்கு வேறு தீர்வு கண்டிருப்பார். வாய்ப்பாட்டு மாணவர்கள் நாகசுரம் கேட்கட்டும். வீணை படிப்பவர்கள் கடம் வாசிப்பவரை மட்டும் ஒரு கச்சேரி முழுக்கக் கவனிக்கட்டும்.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரி இரவுக்கு மறுநாள் காலை முதல் வகுப்பை ரத்து செய்துவிட்டு, மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஒரே அறையில் உட்காரவிடுங்கள். நேற்று கேட்டதை அவர்கள் பாடிக்காட்டிப் பேசட்டும். வருகைப் பதிவேட்டில் அந்த ஒரு மணி நேரத்தையும் வகுப்பாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.