‘மெதுவாகப் போகிறது’ என்று சொன்னால் போதுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வியைப் படித்துவிடுகிறேன். “ஐயா, நான் பதினைந்து வருடங்களாகத் துப்பறியும் நாவல்களையே படித்து வருபவன். எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். கவிதை, சரித்திர நாவல், அறிவியல் புனைவு என்று எல்லாமே வருகிறது. போன மாதம் ஒரு சரித்திர நாவலைப் பற்றி ‘மெதுவாகப் போகிறது’ என்றேன். ‘உனக்கு இந்த வகை பழக்கமில்லை, பேசாதே’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். பழக்கமில்லாத வகையைப் பற்றி நான் கருத்துச் சொல்லக் கூடாதா? இன்னொன்று, முடிவைச் சொல்லாமல் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?”

‘பேசாதே’ என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. உட்கார்ந்து படித்தவருக்குப் பேசும் உரிமை உண்டு. ஆனால் உங்கள் ‘மெதுவாகப் போகிறது’ என்பதை வைத்துக்கொண்டு அவரால்தான் என்ன செய்ய முடியும்? எது மெதுவாக இருந்தது? வாக்கியங்கள் நீளமா? ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வர்ணனை அதிகமா? அல்லது, துப்பறியும் நாவலென்றால் பத்தாம் பக்கத்தில் ஒரு பிணம் விழுந்திருக்கும், இங்கே நூறு பக்கம் தாண்டியும் ஒருவரும் சாகவில்லையே என்ற ஏக்கமா? மூன்றாவது என்றால் அது உங்கள் பழக்கத்தைப் பற்றிய செய்தி, புத்தகத்தைப் பற்றியது இல்லை. அதையும் சொல்லலாம், தவறில்லை. எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளியில் நன்னூல் படித்திருப்பீர்கள். பவணந்தி முனிவர் சுமார் 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதில் ஒரு நூலுக்கு இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும் அந்தப் பட்டியல். பரீட்சைக்காக உருப்போட்டு மறந்துவிட்டோம். புத்தகங்களைப் பற்றிப் பேச இதைவிடக் கூர்மையான சொற்கள் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஒரு வகையில் குற்றமாக இருப்பது இன்னொரு வகையில் அழகாகிவிடும். அவர் மனத்தில் இருந்தவை இலக்கணம் போன்ற நூல்கள். நாவலும் கவிதையும் நாம் பின்னால் கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பவை.

கூறியது கூறல் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் நான் நன்றாக மூக்குடைபட்டிருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பை, நாவல் படிப்பதைப் போல முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, “ஒரு கவிதையில் ‘வருவான்’ என்ற சொல்லே ஐந்து முறை வருகிறது, மூன்றை வெட்டியிருக்கலாம்” என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திருப்பி, வாய்விட்டு வாசித்தார். காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றிய கவிதை. முதல் ‘வருவான்’ சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லும் பதிலாக வந்தது. மூன்றாவதில் ஒரு கெஞ்சல். ஐந்தாவதை அவர் வாசித்தபோது அவன் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்கிறது. சொல் ஒன்றுதான், எழுத்துக்கூட மாறவில்லை. மூன்றை வெட்டியிருந்தால் அங்கே கவிதையே இருந்திருக்காது. இதையே ஒரு கட்டுரையாசிரியர் செய்தால் நாலாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவோம், மூடவும் வேண்டும்.

உங்கள் துறைக்கே வருகிறேன். பவணந்தியார் ‘மயங்க வைத்தல்’ என்று ஒரு குற்றம் சொல்கிறார். படிப்பவருக்கு இதுவோ அதுவோ என்ற மயக்கத்தை உண்டாக்குவது. துப்பறியும் நாவலுக்கு அதுதானே உயிர்? கடைசி அத்தியாயம் வரை மயங்க வைக்காவிட்டால் நீங்கள்தான் முதலில் திட்டுவீர்கள். அதேபோல ‘மற்றொன்று விரித்தல்’. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. சிறுகதையில் அது ஆளைக் கொன்றுவிடும். ஆனால் சரித்திர நாவல் படிப்பவர், அந்தக் கோட்டையும் அந்த ஆற்றுத்துறையும் எப்படி இருந்தன என்று பார்க்கத்தான் அந்தப் புத்தகத்தையே கையில் எடுக்கிறார். உங்கள் வட்டத்து நண்பர் கோபப்பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர் ரசித்த இடங்களையே நீங்கள் தாமதம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அதற்காகச் சரித்திர நாவலில் குறையே சொல்லக் கூடாது என்பதில்லை. வெளிவந்த விதத்தையும் பார்க்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. வாரா வாரம் ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்துவது தொடர்கதையின் இயல்பு. அடுத்த இதழ் வரை காத்திருந்தவருக்கு அது சுவை. கெட்டி அட்டைப் புத்தகமாக, ஒரே மூச்சில் ஐம்பது அத்தியாயம் படிக்கும் நமக்குச் சில முடிச்சுகள் சலிப்புத் தட்டும். அதை அப்படியே சொல்லுங்கள்.

அறிவியல் புனைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பலர் ‘இதெல்லாம் நடக்கிற காரியமா’ என்று ஆரம்பிப்பார்கள். ஜூல்ஸ் வெர்ன் 1865இல் எழுதிய நாவலில் ஆட்களைப் பெரிய பீரங்கியில் வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுகிறார்கள். உண்மையில் அப்படிச் சுட்டால் வெடித்த கணத்திலேயே உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். ஆனாலும் இன்றைக்கும் படிக்கிறோம். அந்த வகையில் நான் தேடிப்பிடிக்கும் குற்றம் ‘மாறுகொளக் கூறல்’தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஆசிரியரே போட்ட விதியை, கதாநாயகன் மாட்டிக்கொண்டான் என்பதற்காக இருபதாம் அத்தியாயத்தில் அவரே மீறினால் மன்னிக்க மாட்டேன்.

எல்லா வகைக்கும் பொதுவாக ஒன்று உண்டு: ‘சென்று தேய்ந்து இறுதல்’. நன்றாகப் புறப்பட்டு, போகப் போக மெலிந்து, முடிந்தும் போவது. எந்த வகையிலும் இது அழகாகி நான் பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பாக இருந்தால் ஒரு வார்த்தை. நடை முரடாக இருக்கிறது என்று மூல ஆசிரியரைக் குறை சொல்லிவிடாதீர்கள். அது யாருடைய முரடு என்று மூலத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இனி முடிவு விஷயம். அகதா கிறிஸ்டி 1926இல் ஒரு நாவல் எழுதினார். அதன் முடிவு வாசகருக்கு நியாயம் செய்ததா, ஏமாற்றியதா என்று சண்டையே நடந்தது. நானும் அதில் ஒரு கட்சி. எந்தக் கட்சி என்று சொன்னால்கூடப் பாதி தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், பெயரைக்கூடச் சொல்லாமல் அந்த நாவலைப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை உங்களுக்கு உண்டாக்கிவிட்டேன். புத்தகத்தின் முதல் கால் பகுதியில் வருவதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு வருவதைப் படித்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். எல்லோரும் படித்துவிட்டு வரும் வட்டம் என்றால் இந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை, முடிவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அந்தச் சரித்திர நாவலை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா என்று கேள்வியில் இல்லை. பாதியில் வைத்திருந்தால், அடுத்த கூட்டத்தில் எந்தப் பக்கத்தில் வைத்தீர்கள் என்பதோடு ஆரம்பியுங்கள். அந்தப் பக்கத்தை அவர் திறந்து பார்க்கட்டும்.